பொருள்: கிருஷ்ணகிரி படகுக் கண்காட்சியில் பட்ட ஏமாற்றம், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

அனுப்புநர்:
பென்னாகரத்திலிருந்து வந்த 6 பேர் குடும்பம்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
கண்காட்சி நடத்திய நிறுவனம்

ஐயா,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் நீங்கள் நடத்தும் படகுக் கண்காட்சிக்கு நான், என் மனைவி, அப்பா, அம்மா, பிள்ளைகள் இருவர் என 6 பேர் வந்தோம். பெரியவர்களுக்குத் தலா 250, பிள்ளைகளுக்குத் தலா 150, ஆக நுழைவுச் சீட்டுக்கு மட்டும் 1,300 ரூபாய். சீட்டுகளின் படமும் பணம் செலுத்திய குறுஞ்செய்தியும் இத்துடன் இருக்கின்றன.

நாங்கள் எதற்காக வந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்கு 71 வயது. ஊட்டமலையில் பிறந்தவர். இருபது வயதிலிருந்து ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியவர். தோள்பட்டை வலி வந்த பிறகுதான் துடுப்பைக் கீழே வைத்தார். காவிரியை விட்டால் வேறு தண்ணீர் பார்த்ததில்லை. "கடல்ல ஓடுற படகு ஒண்ணு கிட்டப் போய்ப் பாக்கணும்டா" என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தர்மபுரி பேருந்து நிலையத்தில் உங்கள் விளம்பரத் தட்டியைப் பார்த்தபோது, ராமேஸ்வரம் போகிற செலவு மிச்சம் என்று நினைத்தேன். பென்னாகரத்திலிருந்து தர்மபுரி வந்து, பஸ் மாறி, காரிமங்கலம், காவேரிப்பட்டினம் தாண்டி வந்து சேர்ந்தபோது பகல் 12 மணி.

தட்டியில் இருந்தது இதுதான்: ஆலப்புழை சுண்டன் வள்ளம், காஷ்மீர் ஷிகாரா, கட்டுமரம், ஒகேனக்கல் பரிசல், "எல்லாம் ஒரே இடத்தில், நேரில்". கீழே பெரிய எழுத்தில் "படகுச் சவாரி இலவசம்".

சுண்டன் வள்ளம் என்று நீங்கள் காட்டியது ஒரு பிளக்ஸ் பேனர். 100 அடிக்கு மேல் நீளமுள்ள, 100 பேருக்கு மேல் உட்கார்ந்து துழாவும் படகை லாரியில் ஏற்றி இந்த மைதானத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று எனக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்த அளவுக்குத் தவறு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "நேரில்" என்று எழுதியவர் நீங்கள். ஷிகாரா என்று நீங்கள் வைத்திருந்தது மேலே சிவப்புத் துணி போட்ட கட்டில். அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளத் தனியாகக் காசு. நாங்கள் எடுக்கவில்லை.

கட்டுமரத்துக்கு வைத்திருந்த பலகையை என் மகன் வாய்விட்டுப் படித்தான். "கேடமரன்: ஆங்கிலேயர் கண்டுபிடித்த இரட்டைப் படகு" என்று இருந்தது. ஐயா, மரத்தைக் கட்டினால் கட்டுமரம். ஆங்கிலேயர் அந்தப் பெயரையே நம் கடற்கரையிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போனார்கள். நான்காவது படிக்கிற பையன் "அப்பா, இது நம்ம வார்த்தை மாதிரியே இருக்கே" என்று கேட்கிறான். எழுதிய உங்கள் ஆளுக்கு அது தோன்றவில்லை.

அடுத்தது பரிசல். இதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன். பைபரில் ஒரு வட்டத் தொட்டி. அதன்மேல் பழுப்பு பெயிண்டில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு மூங்கில் பின்னல் என்று வைத்திருக்கிறீர்கள். பலகையில் "ஒகேனக்கல், கர்நாடகம்" என்று எழுதியிருந்தது. தர்மபுரி மாவட்டத்துக்காரன் ஒருவனிடம் இதைக் காட்டிவிட்டு நீங்கள் நிம்மதியாகக் கடை போட முடியாது. ஹம்பிப் பக்கம் துங்கபத்திரையிலும் பரிசல் ஓடுகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒகேனக்கல் எங்கே இருக்கிறது என்பது பென்னாகரத்தில் பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும்.

அப்பா அதை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். உடனே உங்கள் சீருடைப் பையன் ஓடி வந்து "தாத்தா, தொடாதீங்க, இது பரிசல், ஆத்துல போறது" என்று விளக்கம் சொன்னான். அப்பா ஒன்றும் பேசவில்லை. பேத்தியிடம் மட்டும் திரும்பி, "இது மாட்டுத்தொட்டி கண்ணு" என்றார். பிறகு அங்கேயே உட்கார்ந்து அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்: மூங்கிலைப் பத்தையாகச் சீவிக் கூடை மாதிரி பின்ன வேண்டும், அந்தக் காலத்தில் அடியில் தோல் போர்த்தினார்கள், பிறகு பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்தது, பரிசலுக்கு முன்னும் கிடையாது பின்னும் கிடையாது, துடுப்பு போடும் பக்கம்தான் முன், கரையேறினால் கவிழ்த்து முதுகில் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். சுற்றி இன்னும் இரண்டு குடும்பம் நின்று கேட்டது. உங்கள் கண்காட்சியில் அன்றைக்குக் கிடைத்த ஒரே விளக்கம் அதுதான். அதற்கு 250 ரூபாய் நீங்கள் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

"இலவசச் சவாரி"க்கு வருகிறேன். தார்ப்பாய் விரித்த தொட்டி, அதில் நான்கு பெடல் படகு. தலைக்கு 100 ரூபாய் என்றார்கள். இலவசம் என்று தட்டியில் இருக்கிறதே என்றால், "அது திறப்பு விழா நாளுக்கு மட்டும் சார்" என்று பதில். பிள்ளைகள் முகத்தைப் பார்த்து 200 கட்டினேன். ரசீது தரவில்லை.

5 வயது மகளுக்குப் பெரியவர்கள் அளவு லைஃப் ஜாக்கெட்டை மாட்டினார்கள். ஒரு பக்கக் கொக்கி உடைந்து சணல் கயிற்றால் கட்டியிருந்தது. அப்பா ஜாக்கெட்டின் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கினார். ஜாக்கெட் அவள் காதுவரை ஏறி வந்தது, பிள்ளை தரையிலேயே நின்றாள். தண்ணீருக்குள்ளும் அதுதான் நடக்கும்: ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை உள்ளே நழுவிவிடும். சின்ன அளவு இல்லையா என்று கேட்டோம். "இடுப்பளவு தண்ணிதான் சார்" என்றார்கள். யார் இடுப்பு என்று என் மனைவி கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அப்பா அவளை இறக்கிவிட்டார். மகனும் இறங்கிவிட்டான். சவாரி செய்யாத அந்த 200ஐக்கூடத் திருப்பித் தரவில்லை.

கேரளத்துத் தானூரில் 2023 மே 7 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், அதில் பலர் குழந்தைகள். அது ஆறு, இது தொட்டி என்று நீங்கள் சொல்லலாம். ஒகேனக்கல்லில் ஜாக்கெட் போடாமல் யாரையும் பரிசலில் ஏற்றக் கூடாது, நீர்வரத்து கூடினால் அன்றைக்குப் பரிசலே கிடையாது. பிழைப்பு போனாலும் பரவாயில்லை என்று அந்தத் தடைக்குக் கட்டுப்பட்ட ஆள் என் அப்பா. அவர் கண்ணெதிரில் இதைச் செய்தீர்கள்.

ஒரு நல்ல விஷயமும் இருந்தது. மைதானத்தின் கடைசியில், கழிப்பறைக்குப் பக்கத்தில், பழைய பைபர் மீன்பிடிப் படகு ஒன்று சாய்ந்து கிடந்தது. அதற்குப் பலகையும் இல்லை, விளக்கும் இல்லை. அதுதான் அங்கே இருந்த ஒரே நிஜப் படகு. நாகப்பட்டினம் பக்கத்துக் காவலாளி ஒருவர் அப்பாவைக் கூப்பிட்டு, இன்ஜின் எங்கே மாட்டுவார்கள், அலையைக் குறுக்கே வெட்டிப் போக முன்பக்கம் ஏன் இப்படித் தூக்கியிருக்கிறது என்றெல்லாம் சொன்னார். அப்பா அரை மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். காவலை விட்டுவிட்டு ஏன் பேசிக்கொண்டிருந்தாய் என்று அந்த மனிதரைத் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள்.

உங்கள் வாடிக்கையாளர் எண்ணுக்கு இரண்டு முறை அழைத்தேன். "பணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்று சீட்டின் பின்னால் அச்சிட்டிருக்கிறோம்" என்றார்கள். இல்லாததை இருப்பதாக விளம்பரம் செய்ததும், காசு வாங்கி ரசீது தராததும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். சீட்டின் பின்பக்கம் எதை அச்சிட்டாலும் அது மாறாது. நுழைவுச் சீட்டு 1,300, சவாரி 200, பைகள் வைக்க வாங்கிய 50, ஆக 1,550 ரூபாயை 15 நாளுக்குள் நான் பணம் செலுத்திய அதே எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவேன். வாடிக்கையாளர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. பஸ் செலவை நான் கேட்கவில்லை.

அடுத்து சேலத்தில் கண்காட்சி என்று தட்டி வைத்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் குழந்தைகள் அளவில் ஜாக்கெட் வாங்குங்கள். கழிப்பறைப் பக்கம் கிடக்கும் அந்த மீன்பிடிப் படகை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். "கர்நாடகம்" என்பதை அழித்துவிட்டு "தர்மபுரி மாவட்டம்" என்று எழுதுங்கள். பெயிண்ட் செலவு வேண்டுமானால் அந்த 1,550இல் கழித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சீட்டில் உள்ள கைபேசி எண்ணுக்கு உரியவன்,
பென்னாகரம்.