மச்சிக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து

மச்சி,

எப்படி இருக்கே? இங்கே எல்லாரும் நலம். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை நீ பார்த்த மாதிரியேதான் நிற்கிறது, மெட்ரோ வந்த பிறகு அந்தத் தொல்லை எனக்கு இல்லை.

எஸ்சிஏவை, அதாவது கம்போனென்ட்களைக் கோர்த்து அப்ளிகேஷன் கட்டுகிற அந்த முறையை, இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்டிருந்தாய். அதற்கான டஸ்கனி என்ற ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டையே அப்பாச்சி அமைப்பு மூட்டை கட்டிவிட்டது, தெரியும். ஆனால் அந்தக் கோடில் ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்டர்ஃபேஸ், அதாவது ஒரு சர்வீஸ் என்னென்ன செய்யும் என்ற விவரம், ஜாவாவில் எழுதியதோ டபிள்யூஎஸ்டிஎல் என்ற எக்ஸ்எம்எல் வடிவில் எழுதியதோ, உள்ளே ஒரே மாடல்தான்: ஆபரேஷன்கள், அவற்றின் இன்புட், அவுட்புட், ஃபால்ட் (பிழை). ஒவ்வொரு டேட்டா டைப்பும் தன் ஜாவா கிளாஸ் எது, எக்ஸ்எம்எல்லில் பெயர் என்ன, டேட்டாவைக் கோடுக்குள் வைத்துக்கொள்கிற முறை, அதாவது டேட்டா பைண்டிங், ஜாக்ஸ்பியா, எஸ்டிஓவா, டாமா என்பதைத் தனித்தனியாக வைத்திருக்கும். காசிமேட்டில் ஏலத்தில் கூடையாகப் போகிற சங்கராதான் எங்கள் தெரு மீன்கார அம்மாவின் தட்டில் கூறாக வந்து உட்காருகிறது, மீன் ஒன்று, கணக்கு வேறு. கணக்கு மாறுகிற இடத்தில், ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்றுகிற டிரான்ஸ்ஃபார்மர் வரும். நேர்வழி இல்லையென்றால் டைக்ஸ்ட்ரா முறையில் குறைந்த செலவுள்ள சுற்றுவழியை அதுவே கண்டுபிடிக்கும்.

அப்புறம் நான் பண்ணின கூத்தைக் கேள். ரிமோட்டபிள், அதாவது வெளியிலிருந்தும் கூப்பிடக்கூடிய இன்டர்ஃபேஸ் என்றால் டேட்டா நகலாகத்தான் போகவேண்டும். பில் போடுகிற கம்போனென்ட் அதே ஜேவிஎம்மில், ஜாவா ஓடுகிற அதே இடத்தில்தானே இருக்கிறது, நகல் எதற்கு என்று அதன் தலையில் அலோஸ்பாஸ்பைரெஃபரன்ஸ் என்று ஒரு அனோட்டேஷனை, கோடுக்கு மேல் எழுதும் குறிப்பை, ஒட்டிவிட்டேன். வாங்கின ஆப்ஜெக்டைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிற அனோட்டேஷன் அது. பில் கோடின் கடைசி வரியில் நானே எழுதிய, பொருள் லிஸ்டைக் காலியாக்கும் ஒரு கிளியர் இருந்ததை மறந்தே போனேன். தலைப்பு, தேதி, மொத்தத் தொகை எல்லாம் சரியாக, நடுவில் பொருள் ஒன்றுகூட இல்லாமல் ரசீதுகள் அச்சாகி வந்தன.

இரண்டு நாள் டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகப்பட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம், அது ஓடவே இல்லை. இரண்டு பக்கமும் ஜாக்ஸ்பி, மாற்ற எதுவுமில்லை, அதே லிஸ்ட் கைமாறியது. டெஸ்டில் கூப்பிட்டது வெப் சர்வீஸ் வழியாக. எக்ஸ்எம்எல்லிலிருந்து ஒவ்வொரு தடவையும் புது ஆப்ஜெக்ட் பிறந்ததால் என் கிளியர் யாருக்கும் வலிக்கவில்லை. வடிவம் மாறுகிற இடத்தில்தான் கோளாறு வரும் என்று நினைத்திருந்தேன் மச்சி, மாறாத இடத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். இப்போது லோக்கலாகக் கூப்பிடும் டெஸ்ட் ஒன்றும் தனியாக ஓடுகிறது.

ஜாவாவின் ஜேடிகே 11-இல் ஜாக்ஸ்பியைத் தூக்கிவிட்டார்களே, உன் பக்கம் தனி டிபென்டன்சியாகச் சேர்த்தாயா, இல்லை ஜாவா 8-இலேயே உட்கார்ந்திருக்கிறாயா? பொங்கலுக்கு வந்தால் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடலாம், காசு நீதான் கொடுக்கவேண்டும்.

உன் மச்சி