வர்ணனைக்கு உட்காரும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அறிவிப்புப் படத்தைச் சித்தப்பா அனுப்பினார். அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ‘தமிழ் வர்ணனை’ என்று போட்டு அதன் பக்கத்தில் உன் முகம். அவள் எத்தனை பேருக்கு அதை அனுப்பினாள் என்று கேட்காதே. கீழே உன் பெயர் அச்சாகியிருந்த விதத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அதைப் பேச இதை எழுதவில்லை. கால்பந்து வீரர்களின் பெயர்களைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதிலும் ஒரு தேசத்தில் வேர்விட்டு இன்னொரு தேசத்துச் சட்டையில் அச்சாகிற குடும்பப் பெயர்கள். நல்ல நல்ல வர்ணனையாளர்கள் சறுக்குகிற இடம் அதுதான்.

எந்தப் பெயரையும் பார்த்த உடனே ஆங்கிலமாக வாசித்துவிடாதே. இதை ரோமன் எழுத்தில் முதலில் எழுதிவைத்தது எந்த மொழிக்காரர் என்று கேள். பாதிப் பெயர் அதிலேயே பிடிபடும். எம்ரே ஜான் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர், பெயர் துருக்கியப் பெயர். சி, ஏ, என் என்று மூன்றே எழுத்து. ஆங்கிலக் கண் அதைக் ‘கேன்’ என்று படிக்கும். துருக்கிய எழுத்துமுறையில் சி என்றால் ஜ. அதனால் ஜான். சுவிட்சர்லாந்து அணியின் கிரானிட் ஜாக்கா அந்நாட்டின் பாஸலில் பிறந்தவர், பெற்றோர் கொசோவோ அல்பேனியர்கள். அல்பேனிய எழுத்தில் எக்ஸும் எச்சும் சேர்ந்தால் அதுவும் ஜ தான். ‘ஸாக்கா’ இல்லை, ‘ஷாக்கா’வும் இல்லை. அவர் அண்ணன் தௌலான்ட் அல்பேனியாவுக்கு ஆடினார். 2016 யூரோ கோப்பையில் இருவரும் எதிரெதிர் அணியில் நின்றார்கள். அணி மாறினாலும் பெயர் மாறாது, இரண்டு பட்டியலிலும் ஒரே மாதிரிதான் சொல்ல வேண்டும். அதே மொழியில் க்யூ எழுத்து ‘ச்ச’வுக்குக் கிட்டத்தில் ஒலிக்கும். ஆகையால் இன்னொரு சுவிஸ் வீரரின் பெயர் ஷாச்சிரி. ‘ஷகிரி’ என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்பதற்காக நீயும் சொல்லாதே.

மொராக்கோ, அல்ஜீரியா வழிப் பெயர்களை எழுதிவைத்தது பிரெஞ்சுப் பதிவேடு. அங்கே சி-எச் என்றால் ஷ, ஓ-யூ என்றால் உ, டி-ஜே என்றால் ஜ. ஹக்கீம் ஃஸியெஷ் பிறந்தது நெதர்லாந்தில். டச்சுக்காரர் முறைப்படி படித்தால் கடைசி சி-எச் தொண்டையைக் காறுகிற ஒலி ஆகிவிடும், ஆனால் பெயர் அந்த எழுத்துமுறையில் பிறந்ததில்லை. மாட்ரிட்டில் பிறந்த ஹக்கீமியின் முதற்பெயரும் அப்படித்தான், அஷ்ரஃப். 2022 உலகக் கோப்பையில் மொராக்கோ அணியின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். பிறந்த ஊரை வைத்துப் பெயரைப் படித்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்.

குறிப்பேட்டில் பெயர்களைத் தமிழில்தானே எழுதுவாய்? அதில் ஒரு பொறி இருக்கிறது, ஒரு வசதியும் இருக்கிறது. நம் வல்லினம் இடத்துக்கு இடம் குரல் மாற்றும். சொல் முதலிலும் இரட்டிக்கும்போதும் அழுத்தமாக வரும், உயிர்களுக்கு நடுவே இளகும், மெல்லினத்துக்குப் பின்னால் அதிரும். அதனால் ‘ஜாகா’ என்று எழுதினால் ஆட்ட வேகத்தில் உன் வாய் அதை இளக்கிவிடும். க் ஒன்று சேர்த்து ஜாக்கா என்று எழுது. பிரான்சின் கான்ட்டேயும் அப்படியே. ‘கண்டே’ என்றோ ‘கந்தே’ என்றோ எழுதினால் அந்த இடத்தில் அதிர்ந்து வேறு பெயராகிவிடும்.

ஆனால் பிரெஞ்சு வீரர் ம்பப்பேயைப் பார். தகப்பன் வழியில் கேமரூன் பெயர். முதலில் வருவது உதட்டை மூடி, மூக்கில் தொடங்கி, அதிர்ந்து திறக்கிற ஒலி. அடுத்து வருவது அதிராத, அழுத்தமான ப். நம் எழுத்தில் ம்ப என்றால் தானே அதிரும், ப்ப என்றால் தானே அழுத்தம் பெறும். ஆக, ம்பப்பே என்று எழுதினால் வேறு எந்தக் குறியும் வேண்டாம். சிக்கல் சொல்லின் தொடக்கத்தில் மட்டும்தான். மெய்யில் தொடங்கப் பழகாத வாய் முன்னால் இ போட்டு ‘இம்பாப்பே’ ஆக்கிவிடும். ‘கம்பம்’ என்று சொல், பிறகு முதல் க-வை மட்டும் விழுங்கிவிட்டுச் சொல். மிச்சம் வருகிறதே, அதே தொடக்கம்தான். பிரெஞ்சுக்காரர்களிலேயே பலர் முன்னால் எ சேர்த்து ‘எம்பப்பே’ என்கிறார்கள். அவசரத்தில் உனக்கும் அப்படி வந்துவிட்டால் பெரிய குற்றமில்லை. நடுவிலுள்ள பா-வை நீட்டுவதுதான் பிழை. பிரெஞ்சில் எடை கடைசி அசையில் விழும்.

நம்மிடம் எழுத்து இல்லாதது ஸ-வின் அதிர்கிற ஜோடிக்கு. நான் ஃஸ என்று எழுதியிருக்கும் இடமெல்லாம் அதுதான். தொண்டையில் விரல் வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழு, அதிர்வு இராது. நாக்கை அசைக்காமல் குரலை மட்டும் சேர். விரலில் அதிர்ந்தால் கிடைத்துவிட்டது. ஃஸிதான், முஃஸியாலா, எஃஸெ எல்லாம் இதை நம்பியே இருக்கின்றன. ஜ போட்டுத் தப்பிக்காதே. ஃஸிதானின் நடுவில் த இருக்கிறது, ட இல்லை. நாக்கு பல்லைத் தொடட்டும்.

துருக்கிய உயிர்களுக்கு வருகிறேன். ஜெர்மனியில் பிறந்த வீரர்கள் வழியாக இவை உனக்கு நிறைய வரும். மேலே இரண்டு புள்ளி வைத்த ஓ-வுக்கு, நாக்கை ஏ சொல்வதுபோல் வை, உதட்டை மட்டும் ஓ-வுக்குக் குவி. ஓஃஸில் என்று எழுதிவிட்டு ஓ-வின் அடியில் ஒரு கோடு போட்டுக்கொள். அந்த ஃஸ-வும் துருக்கிய ஃஸ, ஜெர்மன் பாணியில் ‘ட்ஸ’ ஆக்காதே. இரண்டு புள்ளி வைத்த யூ-வுக்கு நாக்கு இ, உதடு உ. தலையில் பிறை கவிழ்ந்த ஜி எழுத்து வந்தால் அங்கே க் கிடையாது, முன்னால் உள்ள உயிர் சற்று நீளும், அவ்வளவுதான். அதனால் குந்தோஆன். முதல் எழுத்தின் மெய் ‘சங்கு’வில் அதிர்கிற க், அதன் உயிர் இப்போது சொன்ன இரண்டு புள்ளி யூ, ந்தோ நம் வாயில் இயல்பாக விழும், பிறகு ஆன். ‘குண்டோகன்’ என்பது எழுத்தைப் படிப்பது, பெயரைச் சொல்வது ஆகாது. சல்ஹானோலுவிலும் க் இல்லை. தொடக்கத்து ச மட்டும் ‘பச்சை’யில் உள்ள ச, ‘சாவி’யில் உள்ளது இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கெனான் யுல்துஃஸ். ரேகன்ஸ்புர்க்கில் பிறந்து துருக்கிக்கு ஆடும் பையன். அவர் பெயரில் இருமுறை வருவது புள்ளி இல்லாத ஐ. ஐரோப்பிய வர்ணனையாளர்கள் இதற்குத் திணறி ‘யில்டிஸ்’ என்று முடித்துக்கொள்கிறார்கள். நமக்குக் கஷ்டமே இல்லை, அது நம் குற்றியலுகரம். உதடு குவியாத உகரம். ‘பந்து’ என்று சொல், கடைசித் து-வை மட்டும் தனியே எடு. யுல்துஃஸ்-இன் இரண்டாம் அசை அப்படியே அங்கே இருக்கிறது. முதல் யு-வையும் உதட்டைக் குவிக்காமல் சொல்லிவிடு. தமிழ் வர்ணனையில் இந்தப் பெயர் மற்ற பல மொழிகளையும் விடச் சுத்தமாக ஒலிக்க முடியும். அதை நீ செய்து காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இவ்வளவும் சொன்னபின், வேர்மொழியே தீர்ப்பு என்று நினைத்துவிடாதே. பெயருக்குச் சொந்தக்காரர் எப்படிச் சொல்கிறாரோ அதுதான் தீர்ப்பு. கிரீஸ்மான் என்பது ஜெர்மன் வேருள்ள பெயர். ஆனால் அவர் பிரெஞ்சுக்காரர், பிரான்சில் அதை க்ரி-யெஃஸ்-மான் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறார்கள். ஜெர்மன் இலக்கணம் காட்டி அவரைத் திருத்த நமக்கு உரிமை இல்லை. போலந்தில் பிறந்து ஜெர்மனிக்கு ஆடிய க்லோஃஸெ கடைசி எ-வை விழுங்க மாட்டார். மெஹ்ரெஸா, மாரெஸா என்று போன முறை கேட்டாய். பிரான்சில் பிறந்தவர், அல்ஜீரியாவுக்கு ஆடுகிறவர். பிரெஞ்சு வாயில் ஹ் மறையும், அரபு வாயில் தொண்டையின் ஆழத்திலிருந்து வரும். மஹ்ரெஃஸ் என்றே சொல்.

சொந்தக்காரர் வாயிலிருந்து கேள். கிளப்பில் புதிதாகச் சேரும்போது எடுக்கும் காணொளியில் பெரும்பாலும் ‘நான் இன்னார்’ என்று தொடங்குவார்கள், அதைத் தேடு. பத்திரிகையாளர் கூட்டத்தை நடத்துபவர் சொல்வதை எடுத்துக்கொள்ளாதே, அவரும் காகிதத்தைப் பார்த்துத்தான் படிக்கிறார். அணிப் பட்டியலின் எழுத்தையும் முழுதாக நம்பாதே. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரிகளில் 26 எழுத்துகளும் எண்களும் ஒரு நிரப்புக் குறியும்தான் செல்லும். ஓஃஸிலின் புள்ளிகள் அங்கே ஓ-ஈ ஆகிவிடும். அப்படிக் குறிகள் கழன்றுபோன பட்டியல்கள் உன் மேசைக்கும் வரும்.

எல்லா ஒலியையும் துரத்தாதே. பிரெஞ்சு ர-வைத் தமிழ் ஓட்டத்தில் கொண்டுவந்தால் கேட்பவருக்கு உறுத்தும், நம் ர போதும். மூக்கொலி உயிரும் ஓரளவு வந்தால் போதும். விட்டுக்கொடுக்கக் கூடாதவை அசை எண்ணிக்கை, முதல் மெய், அழுத்தம் விழும் இடம். எபெரேச்சி எஃஸெயின் குடும்பப் பெயர் நைஜீரியாவின் இக்போ மொழிப் பெயர், இரண்டு அசை. ‘ஈஸ்’ என்று ஒன்றாக்கினால் அவர் களத்தில் இல்லை, வேறு யாரோ ஆடுகிறார். இப்ராஹீமோவிச் என்பதில் எடை ஹீ-யில். அதை மோ-வுக்குத் தள்ளினால் எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் பெயர் தவறு. நீண்ட பெயரைப் பின்னாலிருந்து கட்டு: விச், மோவிச், ஹீமோவிச், ராஹீமோவிச், இப்ராஹீமோவிச். முன்னாலிருந்து பழகினால் வால் குழறும், பின்னாலிருந்து பழகினால் குழறாது.

ரேமோன் கோப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1931-இல் பிரான்சில் பிறந்தவர், போலந்திலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பம். 1958-இல் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருதை வாங்கியவர். முழுக் குடும்பப் பெயர் கொப்பாஷெவ்ஸ்கி. உலகம் முதல் இரண்டு அசையோடு நிறுத்திக்கொண்டது. மறுபக்கம், மெம்ஃபிஸ் டெப்பாய் தகப்பன் வழிப் பெயரைத் தானே விலக்கி, சட்டையில் மெம்ஃபிஸ் என்று போட்டுக்கொண்டார். அது அவர் முடிவு, யாரும் கேள்வி கேட்க முடியாது. ஒருவர் தன் பெயரைத் தானே சுருக்குவது வேறு, பக்கத்தில் இருப்பவர்களுக்கு நாக்கு புரளவில்லை என்பதற்காகச் சுருங்குவது வேறு. அறிவிப்பில் சுருங்கியிருக்கும் உன் பெயர் இதில் எது என்று எனக்குத் தெரியவில்லை, பாப்பா. நீயே விரும்பிச் செய்தது என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். தொலைபேசியில் இதைக் கேட்டிருக்கலாம். நீ ‘வைக்கிறேன்பா’ என்று வைத்துவிடுவாய்.

அந்த வர்ணனை அறையில் உள்ளவர்களுக்கு உன் பெயரிலுள்ள ழ வராது என்பதுதான் காரணமென்றால், சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். நாக்கு நுனியை மேலே வளைத்து, அண்ணத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிறுத்தி, குரல் கொடுக்கச் சொல். தொட்டுவிட்டால் ள ஆகும், துடித்தால் ர ஆகும், பற்களுக்குப் பக்கத்தில் போனால் ல ஆகும். அமெரிக்கர்கள் ஆங்கில ஆர் எழுத்தை உருட்டும் விதம் இதற்கு வெகு பக்கம், அவர்களை அங்கிருந்து தொடங்கச் சொல். குந்தோஆனுக்கு நீ இவ்வளவு பாடுபடும்போது அவர்கள் உனக்காக நாக்கை ஒருமுறை வளைக்க மாட்டார்களா?

சரி, விடு. ஆட்டத்தில் ஒரு பெயர் தவறாக வந்துவிட்டால் ஒலிவாங்கியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்காதே, அடுத்த தடவை சரியாகச் சொல். ஒரே ஆட்டத்தில் இரண்டு விதமாக மாற்றி மாற்றிச் சொல்வதுதான் மோசம். முதல் ஆட்டத்தின் இரு அணிப் பட்டியலும் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்பு. குறிகளோடு இருக்கும் மூலப் பட்டியலாகப் பார்த்து அனுப்பு. தமிழில் எழுதி, அழுத்தம் விழும் அசைக்கு அடிக்கோடு போட்டு, மறுநாளே அனுப்பிவிடுகிறேன். சொந்தக்காரர் சொல்லும் ஒலிப்பதிவு கிடைக்காத பெயர்களைத் தனியாகக் குறித்துவை, அவற்றை இருவரும் சேர்ந்து தேடலாம்.

அன்புடன்,
அப்பா