பந்தயத்தில் தோற்றவன் எழுதுவது

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் போடவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. வலது கண்ணில் புரை முற்றி, போன வாரம் ஆபரேஷன் ஆயிற்று. சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் விடக் கூடாது என்று வீட்டில் ஏகப்பட்ட சட்டம். நேற்றுத்தான் டிவி பார்க்க அனுமதி கிடைத்தது. மகன் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்த பழைய படங்களில் 'ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹேவ் விங்ஸ்' இருந்தது. கேரி கிராண்டுக்காகத்தான் போட்டேன். பாதியிலேயே கண் வேறொருவர் மேல் போய்விட்டது.

தென்னமெரிக்க மலைகளுக்கு மேலே தபால் விமானம் ஓட்டும் கூட்டத்தின் கதை. அதில் கிட் என்று ஒரு வயதான விமானி. பார்வை மங்குவதை மறைத்துக்கொண்டே பறக்கிறான். நண்பனான கிராண்டே கடைசியில், இனி நீ பறக்க வேண்டாம் என்கிறான். கிட் கத்தவில்லை, கெஞ்சவில்லை. முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல அணைகிறது, அவ்வளவுதான். ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருந்த எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவன் சாகும்போது, எப்படிச் சாகிறேன் என்று யாரும் பார்க்க வேண்டாம் என்று எல்லாரையும் வெளியே போகச் சொல்கிறான்.

யார் இந்த ஆள் என்று செல்போனில் தேடினேன். மாட்டிக்கொண்டேன், சேது! தாமஸ் மிட்செல்.

கல்லூரி ஃபிலிம் சொசைட்டியில் 'ஸ்டேஜ்கோச்' போட்ட ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குடிகார டாக்டரும் 'கான் வித் தி விண்ட்' ஸ்கார்லெட்டின் அப்பாவும் ஒரே ஆள் என்றாய். நான் சத்தியம் செய்யாத குறையாக இல்லவே இல்லை என்றேன். மசால் தோசை பந்தயம். நீதான் ஜெயித்தாய். அந்த இருவர் மட்டுமா? கிட்டும் அவரேதான். 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' படத்தில் வரும் நிருபரும், 'ஹஞ்ச்பேக் ஆஃப் நோத்ர டாம்' படத்தின் பிச்சைக்காரர் ராஜாவும் அவர்தான். ஐந்து படமும் 1939-இல் வந்தவை.

தோற்றவன் பக்கத்து வாதத்தையும் கொஞ்சம் கேள். முகத்தை மாற்றியிருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன். அதே உருண்டை முகம், அதே கலைந்த தலை. ஸ்கார்லெட்டின் அப்பா மனைவி போனபின் புத்தி பேதலித்து வீட்டுக்குள் குழந்தைபோல் அலைகிறார். டாக்டரோ சாராய வியாபாரியின் மாதிரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ராஜகுமாரன் மாதிரி பேசுகிறார். ஆனால் வழியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்ததும் காப்பியாகக் குடித்துத் தெளிந்து வேலையை முடிக்கிறாரே! முடிவில், துப்பாக்கியோடு நிற்கும் வில்லன் லூக் பிளம்மரை மிரட்டி அதைப் பறிக்கும் இடத்தை மறுபடி பார். அவன் போனதும் கால் தளர்ந்து, இனிமேல் என்னை இப்படிச் செய்ய விடாதீர்கள் என்கிறார். வீரமும் பயமும் ஒரே மூச்சில். அதற்குத்தான் துணை நடிகருக்கான ஆஸ்கர். போட்டியில் இருந்த கிளாட் ரெயின்ஸும் ஹாரி கேரியும் 'மிஸ்டர் ஸ்மித்'தில் அவரோடு நடித்தவர்கள் என்பது தனி வேடிக்கை.

நம்மூரில் துணை நடிகர் என்றால் கூட்டத்தில் நிற்பவர் என்றாகிவிட்டது. இவரைக் குணச்சித்திர நடிகர் என்பதுதான் சரி. 1892-இல் நியூ ஜெர்சியில், அயர்லாந்திலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர். முதலில் பத்திரிகை நிருபர், பிறகு நாடக மேடை. நாடகமும் எழுதியிருக்கிறார். சினிமாவில் கால் ஊன்றும்போது நாற்பதைத் தாண்டிவிட்டார். ஹீரோ ஆசையெல்லாம் வைக்கவே வழியில்லை. அதுவே நல்லதாயிற்று என்பேன்.

'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தில் இவர் நடித்த பில்லி சித்தப்பாவை நீ மறந்திருக்க மாட்டாய். எண்ணாயிரம் டாலரைச் செய்தித்தாளுக்குள் மடித்து எதிரியின் கையிலேயே கொடுத்துவிட்டு வருபவர். வீட்டில் அழும்போது கைமேல் அணில் ஏறுமே! எல்லாரும் ஹீரோ ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்த அணில்தான். 'ஹை நூன்' படத்தில் இவர் நடித்த மேயரோ நேர்மாறு: தேவாலயத்தில் ஹீரோ கேரி கூப்பரைப் புகழ்ந்துகொண்டே வந்து, ஊரைவிட்டுப் போய்விடு என்று முடிக்கிறவர். எனக்கு வில்லனைவிட அவர்மேல்தான் ஆத்திரம் வந்தது.

1953-இல் டிவி நடிப்புக்கான எம்மியும் நாடக நடிப்புக்கான டோனியும் வாங்கினார். ஆஸ்கரையும் சேர்த்து மூன்றும் பெற்ற முதல் ஆண் நடிகர் அவர்தான். இன்னொன்று உனக்குப் பிடிக்கும்: டிவியில் துப்பறியும் கொலம்போவாக வந்த பீட்டர் ஃபாக்குக்கு முன்பே, 1962-இல் 'பிரஸ்கிரிப்ஷன்: மர்டர்' நாடகத்தில் அதே கொலம்போவாக மேடையேறியவர் இவர். அதே வருஷம் டிசம்பர் 17-ஆம் தேதி புற்றுநோயில் போனார். 'ஹஞ்ச்பேக்'கில் கூனனாக நடித்த சார்லஸ் லாட்டன் போனது 15-ஆம் தேதி. கூனன் போய் இரண்டே நாளில் பிச்சைக்காரர் ராஜாவும் போயிருக்கிறார்.

அடுத்த மாதம் இடது கண்ணுக்கு ஆபரேஷன். அதற்குள் ஒருமுறை வந்துவிடு. நாம் பந்தயம் கட்டிய ஓட்டல் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. எதிரே ஒரு புது ஓட்டலில் மசால் தோசை சுமார்தான். சட்னி நன்றாக இருக்கிறது.

உன்
கணபதி