ஓக்லஹோமா சட்டசபை ஒதுக்கின 1 கோடி டாலர் யார் காசு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அமெரிக்காவுல ஓக்லஹோமா மாநிலத்துல இருக்கற டல்சா சிட்டியில குடியிருக்கற உங்க வாசகன். ஓக்லஹோமா பூர்வகுடிகள் பத்தி நீங்க போட்ட கட்டுரையில பாதி மாநிலமே அவங்க கைக்கு போயிட்ட மாதிரி எழுதியிருந்தீங்க. ஒரு சென்ட் நிலம் கூட யார் கையிலிருந்தும் போகல சார், இங்க வீடு வாங்கினவங்க பத்திரம் எல்லாம் அவங்கவங்க பேர்லதான் இருக்கு.

நடந்தது இதுதான். 1830கள்ல அலபாமா, ஜார்ஜியா பக்கம் இருந்த மஸ்கோகிங்கற பூர்வகுடி மக்களை அடிச்சு விரட்டி இங்க கொண்டு வந்து விட்டப்போ இது உங்க மண்ணுன்னு அமெரிக்க அரசு ஒப்பந்தம் போட்டுச்சு, அப்புறம் 1907ல ஓக்லஹோமான்னு ஒரு மாநிலம் வந்ததும் அந்த ஒப்பந்தத்தை எல்லாரும் வசதியா மறந்துட்டாங்க. ஆனா காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், அந்த எல்லையை கலைச்சு சட்டம் எதுவும் போடல. 2020 ஜூலை 9ல மெகிர்ட்ங்கறவரோட கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் இதைத்தான் சொல்லுச்சு. அதனால அந்த எல்லைக்குள்ள பூர்வகுடி ஒருத்தர் கொலை மாதிரி பெரிய குற்றம் பண்ணா மாநில கோர்ட் விசாரிக்க முடியாது, பெடரல் கோர்ட், அதாவது மத்திய அரசு கோர்ட்தான் விசாரிக்கணும். 5க்கு 4 தீர்ப்பு, எழுதினவர் ட்ரம்ப் நியமிச்ச நீதிபதி கோர்சச், அதனால இதை இடதுசாரி தீர்ப்புன்னு ஒதுக்கவும் முடியாது. அடுத்த வருஷம் மாநில கிரிமினல் அப்பீல் கோர்ட்டே செரோக்கி, சிக்கசா, சாக்டா, செமினோல் மக்களோட எல்லைக்கும் இது பொருந்தும்னு சொல்லிடுச்சு, மாநிலத்தோட கிழக்குப் பாதி கிட்டத்தட்ட முழுக்க இதுக்குள்ள வந்துடுது.

இனிமேதான் காசு விஷயம், உங்க கட்டுரையில அதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. 2021ல ஓக்லஹோமா சட்டசபை இந்த தீர்ப்பை எதிர்த்து கேஸ் நடத்தறதுக்குன்னே 1 கோடி டாலர் ஒதுக்குச்சு. கவர்னர் கெவின் ஸ்டிட் தீர்ப்பை மாத்தியே ஆகணும்னு நின்னார், (அவரே செரோக்கி நேஷன், அதாவது செரோக்கி மக்களோட சொந்த அரசு, அதுல உறுப்பினர்ங்கறது தனிக் கூத்து). மாநிலம் 40க்கும் மேல மனு போட்டுச்சு. 2022 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் மெகிர்ட் தீர்ப்பை திரும்ப எடுக்க மாட்டோம்னுடுச்சு, ஒரே ஒரு சின்ன கேள்வியை மட்டும் விசாரணைக்கு எடுத்துக்கிச்சு. அதுல ஜூன் 29ல, மறுபடியும் 5க்கு 4ல, மாநிலம் ஜெயிச்சது. பூர்வகுடி இல்லாத ஒருத்தர் பூர்வகுடிக்கு எதிரா குற்றம் பண்ணா இனிமே மாநிலமும் கேஸ் போடலாம். இது சின்ன வெற்றின்னு நான் சொல்ல மாட்டேன், கோர்சச்சே கோபமா மறுப்பு எழுதினார். ஆனா கேட்டது என்ன, கிடைச்சது என்னன்னு பாருங்க, மெகிர்ட் தீர்ப்பு இன்னைக்கும் அப்படியே நிக்குது.

மாநிலத்துக்கு கஷ்டமே இல்லன்னு சொல்லல. முடிஞ்சு போன கேஸ் பலது திரும்ப திறந்துச்சு, புள்ளையை பறிகொடுத்த குடும்பம் மறுபடியும் முதல்ல இருந்து கோர்ட் படி ஏறணும்னா அந்த வேதனையை யாரும் லேசா பேசக் கூடாது, பெடரல் வக்கீல்கள் ஆபீஸ்லயும் ஆள் பத்தாம திணறினாங்க. சரி, அதுக்கு மருந்து என்ன? பூர்வகுடி அரசுகள் தங்க காசைப் போட்டு கோர்ட்டை பெருசாக்கி, வக்கீல் போலீஸ்னு ஆள் எடுத்தாங்க. கவுண்டி (மாவட்டம் மாதிரி) போலீசும் பூர்வகுடி போலீசும் ஒருத்தருக்கொருத்தர் அதிகாரம் கொடுத்து ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க, ரோட்ல நிக்கற போலீஸ்காரருக்கு யாரை யார் பிடிக்கறதுன்ற குழப்பம் தீர்ந்தது அதனாலதான். அந்த 1 கோடியை இந்த வேலைக்கு கொடுத்திருக்கலாமே.

அது யார் காசு? மஸ்கோகிக்காரரும் செரோக்கிக்காரரும் கடையில சாமான் வாங்கினா விற்பனை வரி கட்டறாங்க. பூர்வகுடிகளோட கேசினோக்கள்ல இருந்து மாநிலத்துக்குப் போற பங்கு 2023 நிதியாண்டுல 20 கோடி டாலரைத் தாண்டுச்சு, பெரும்பகுதி பள்ளிக்கூடத்துக்குத்தான். அவங்க பணமும் கலந்த கஜானாவுல இருந்து எடுத்து அவங்க மேலயே கேஸ் நடத்தறாங்க, அந்தப் பக்கம் அவங்களும் ஆஸ்பத்திரிக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் போக வேண்டிய காசுல வக்கீல் வைக்கறாங்க. ரெண்டு பக்கமும் பில் போடறது பெரிய லா ஃபர்ம்கள்தான்.

இதே சட்டசபை 2023ல வேற மாதிரி நடந்துக்கிச்சு. சிகரெட் வரியையும் வண்டி நம்பர் பிளேட்டையும் பத்தி பூர்வகுடிகளோட இருந்த ஒப்பந்தங்கள் முடியற நேரம், ஸ்டிட் அதை நீட்டிக்க விடாம வீட்டோ போட்டார், அவர் கட்சிக்காரங்களே பெரும்பான்மையா இருக்கற சபை அந்த வீட்டோவை தூக்கிப் போட்டுட்டு ஒப்பந்தத்தை நீட்டிச்சுது, அவர் கோபத்துல சட்டசபை தலைவர்கள் மேலயே கேஸ் போட்டார்! திடீர்னு நியாயம் புரிஞ்சு இப்படி பண்ணாங்கன்னு நான் நம்பல, ஒப்பந்தம் போனா வரிப் பங்கும் போயிடும்னு கணக்கு தெரிஞ்சவங்க. எப்படியோ, வந்தது நல்ல முடிவுதான்.

டல்சா சிட்டியும் பூர்வகுடி ஒருத்தருக்குப் போட்ட ட்ராஃபிக் டிக்கெட்டுக்காக பெடரல் அப்பீல் கோர்ட் வரைக்கும் போய் 2023ல தோத்துச்சு. மஸ்கோகி நேஷன் போட்ட கேஸ்ல 2025 ஜூன்ல புது மேயர் மன்ரோ நிக்கோல்ஸ் சமரசம் பண்ணிக்கிட்டார், பூர்வகுடிகள் மேல சிட்டி இனிமே கிரிமினல் கேஸ் போடாது. ஸ்டிட் அதையும் எதிர்த்தார். அவர் பதவி 2027 ஜனவரியோட முடியுது. புது கவர்னர் வந்து போடற முதல் பட்ஜெட்ல வக்கீல் செலவுக்கு தனியா ஒதுக்கறாங்களா, எவ்வளவுன்னு நீங்க ஒரு செய்தி போட்டா நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், டல்சா