வசந்திக்கு, திருகோணமலையிலிருந்து

உவர்மலை
திருகோணமலை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. தொடர்ந்து இரவு டியூட்டி, இன்றுதான் பேனாவைத் தொட்டேன். அம்மா சுகம். வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போகாவிட்டால் அவவுக்குச் சோறு இறங்காது. சின்னவன் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறான்.

உங்கள் வார்டில் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியை எடுக்கும் ஒப்பரேஷன் தொடங்குகிறார்கள், புதுப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தாய். கழுத்தைப் பார்க்கச் சொல், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் முன்பு வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. தைரொயிட் எடுத்து நாலு மணி நேரமான ஒரு அம்மா, "மிஸ், கட்டு இறுக்குது" என்றா. காயத்திலிருந்து இரத்தம் வடியும் ட்ரெய்ன் போத்தலைப் பார்த்தேன், கொஞ்சம்தான் இரத்தம். ஒட்சிசன் 98. கட்டைச் சற்றுத் தளர்த்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அரை மணி கழித்து வந்தால் படுக்க மாட்டேன் என்று எழும்பி உட்கார்ந்திருக்கிறா. குரல் மாறிவிட்டது. கை என் சட்டையை விடவில்லை. ஓடி வந்த டொக்டர் கட்டிலில் வைத்தே தையலை வெட்டினார். ஈரல் துண்டு மாதிரி உறைந்த இரத்தம் வெளியே வந்தது, கூடவே அவவின் மூச்சும் வந்தது. பிழைத்துவிட்டா. அந்த அரை மணி நேரத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

இரத்தம் உள்ளே உறைந்தால் போத்தலுக்கு வராது. அதனால் போத்தலை மட்டும் நம்ப வேண்டாம். தேங்கிய இரத்தம் நாளங்களை நெரிக்க, குரல்வளை உள்ளே வீங்கிவிடும். பிறகு மூச்சுக்குழாயில் டியூப் போடுவதே பெரும்பாடு. ஒட்சிசன் குறைவது கடைசியில்தான். அதற்கு முன்பே விழுங்கக் கஷ்டம், பதற்றம், வேகமான மூச்சு, கழுத்து வீக்கம் எல்லாம் தெரியும். இப்படி ஆவது 100 பேரில் ஒருவர் இருவருக்குத்தான். அதில் ஏறக்குறைய பாதி முதல் 6 மணி நேரத்தில், மீதியில் பெரும்பகுதி 24 மணி நேரத்துக்குள். ஆகவே முதல் இரவு முழுக்கக் கண் அங்கேயே இருக்க வேண்டும். கழுத்தை மூடித் தடிப்பாகக் கட்டுப் போடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

மூச்சு முட்டினால் ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகக் காத்திருக்கக் கூடாது. தையலை வெட்டி, தோலைத் திறந்து, அடியிலுள்ள தசைத் தையலையும் திறந்து, உறைந்த இரத்தத்தை எடுத்துவிட்டுத் துணி வைக்க வேண்டும். 2022இல் பிரிட்டன் மயக்க மருந்து டொக்டர்மாரும் சத்திரசிகிச்சை நிபுணர்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது. தோலோடு நிறுத்தினால் பயனில்லை, இரத்தம் பெரும்பாலும் தசைக்குக் கீழேதான் கிடக்கும். கத்தரிக்கோல், கத்தி, இரத்தக் குழாயைப் பிடிக்கும் ஆர்டரி கிளிப், துணி எல்லாம் ஒரு பெட்டியில் கட்டில் அருகிலேயே இருக்கட்டும். அலுமாரியில் பூட்டி வைக்க விடாதே!

தடுப்பதற்கான வேலை அட்மிஷன் நாளிலேயே தொடங்குகிறது. "மருந்து ஏதும் குடிக்கிறீர்களா" என்றால் பிரஷர் குளிசையை மட்டும் சொல்வார்கள். இதயத்துக்கென்று குடிக்கும், இரத்தம் உறைவதைக் குறைக்கும் அஸ்பிரினைப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் வாயில் வரும். நிறுத்துவதா வேண்டாமா என்பது டொக்டரின் முடிவு, நீங்களாக நிறுத்தச் சொல்ல வேண்டாம். ஒப்பரேஷன் முடிந்து தைப்பதற்கு முன் டொக்டர்மார் தலையைத் தாழ்த்தி, நெஞ்சில் அழுத்தம் கூட்டிப் பார்ப்பார்கள். அடங்கியிருந்த நாளம் அப்போது கசிந்து காட்டிக்கொடுக்கும். வார்டுக்கு வந்தபின் தலைப்பக்கம் உயர்த்தி, வாந்தியையும் இருமலையும் வலியையும் அடக்கி, பிரஷர் ஏறாமல் பார்ப்பது நம் கையில்.

சுவிஸ் சத்திரசிகிச்சை நிபுணர் தியடோர் கோக்கர் இந்த ஒப்பரேஷனில் ஒவ்வொரு இரத்தக் குழாயாகப் பொறுமையாய்க் கட்டித்தான் சாவுகளைக் குறைத்தார், 1909இல் நோபல் பரிசும் பெற்றார். படிக்கிற காலத்தில் அவர் பெயரை நீதான் எனக்கு முதலில் சொன்னாய், ஞாபகமா?

எங்கள் வார்ட் பெட்டியைப் படம் எடுத்து வைபரில் அனுப்புகிறேன். தை மாதம் லீவு கிடைத்தால் வா, டச் பே கடற்கரையில் உட்கார்ந்து மிச்சத்தைப் பேசுவோம்.

அன்புடன்,
கலா