இளவரசன் யாருக்குக் கதை சொன்னான்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீடியோ கேம் கட்டுரையில் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: வாரியர் விதின்', அதற்கு முன் வந்த 'தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' விளையாட்டை எல்லா வகையிலும் மிஞ்சிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

சண்டையைப் பற்றிக் கட்டுரையாளர் சொன்னது உண்மை. 2003-இல் வந்த முந்தைய பாகத்தில் எதிரியின் தலைக்கு மேல் தாவி முதுகில் வெட்டுவது, விழுந்தவனைக் காலத்தைத் திருப்பும் மாயக் குறுவாளால் குத்தி அவனுள் இருக்கும் மாய மணலை உறிஞ்சுவது, இதுவே திரும்பத் திரும்ப வரும். 2004-இன் வாரியர் விதினில் இரண்டு கைகளிலும் ஆயுதம் ஏந்தலாம், எதிரியின் வாளைப் பிடுங்கி அவன் மேலேயே எறியலாம். ஒரே கோட்டையை இரண்டு காலங்களில் சுற்றிவருவதும், முன்பு தூரத்தில் பார்த்த மணல் உருவம் நாமேதான் என்று பின்னால் தெரியவருவதும் அபாரமான கற்பனை. இவற்றில் எனக்கு மறுபேச்சில்லை.

ஆனால் கட்டுரை முழுவதிலும் முந்தைய பாகத்தின் நாயகி ஃபாராவின் பெயரே இல்லையே! சாண்ட்ஸ் ஆஃப் டைம் முழுவதும் இளவரசன் ஒருவரிடம் சொல்லும் கதை. நாம் பள்ளத்தில் விழுந்து செத்தால், "இல்லை, அப்படி நடக்கவில்லை" என்று அவன் குரல் திருத்தும். பாதியில் நிறுத்திவிட்டு வெளியேறப் போனால், கதை முடியுமுன் போகச் சொல்கிறாயா என்று கேட்கும். தோற்பதும் நிறுத்துவதும்கூடக் கதைசொல்லலுக்குள் அடங்கிவிடுகின்றன. கேட்பவர் யார் என்பது கடைசியில்தான் தெரியும்: ஃபாரா. கூடவே நடந்து, வில்லெடுத்துப் போராடி, சுவர் விரிசல்களில் நுழைந்து வழி திறந்து, அவனோடு ஓயாமல் வாதாடிய அதே பெண். இளவரசன் காலத்தைப் பின்னோக்கித் திருப்பிவிட்டதால் அவளுக்கு எதுவும் நினைவில்லை. அவள் அம்மா சிறுவயதில் சொல்லித்தந்த ரகசியச் சொல்லை அவன் உச்சரிக்கும்போது அவள் திகைக்கிறாளே, அந்தக் காட்சிக்கு ஈடாக வாரியர் விதினில் ஒன்றைக் கட்டுரையாளர் காட்டட்டும்.

அங்கே இளவரசனின் பேச்சே மாறிவிட்டது. முந்தைய பாகத்தில் இளவரசனுக்குக் குரல் கொடுத்த யூரி லோவென்தாலின் தயக்கமும் செருக்கும் கலந்த குரலுக்குப் பதில் வேறொருவரின் உறுமல். கப்பலில் எதிர்ப்படும் பெண்ணைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறான். தஹாகா என்ற அரக்கன் துரத்த ஏழு ஆண்டுகள் ஓடியவன் கசந்துபோவது இயல்புதான்; அந்தக் கசப்பைக் கதை வழியே காட்டியிருக்கலாம். காட்ஸ்மாக் இசைக்குழுவின் முரட்டு ராக் பாட்டையும் தெறிக்கும் ரத்தத்தையும் வைத்து ஒப்பேற்றிவிட்டார்கள். 1989-இல் மூல விளையாட்டைப் படைத்து, சாண்ட்ஸ் ஆஃப் டைமுக்குக் கதை எழுதிய ஜோர்டன் மெக்னருக்கு இந்தப் பாகத்தில் பங்கில்லை. இதன் வன்முறை தனக்குப் பிடிக்கவில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

2005-இல் வந்த 'தி டூ த்ரோன்ஸ்' பாகத்தில் இந்த விளையாட்டுகளை வெளியிடும் யுபிசாஃப்ட் நிறுவனம் லோவென்தாலையும் ஃபாராவையும் திரும்ப அழைத்துவந்தது. எல்லா வகையிலும் மிஞ்சிய விளையாட்டென்றால் அதற்கு என்ன அவசியம் வந்தது? கட்டுரையாளர் அடுத்து அந்தப் பாகத்தைப் பற்றியும் எழுத வேண்டும், இந்தக் கேள்விக்குப் பதிலோடு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி.