போத்தலும் எதனோலும் தாருங்கள், மாதிரிகளை நாங்களே செய்கிறோம்

வன்னியின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் விஞ்ஞானப் பாட ஆலோசகர்களுக்கும்,

வணக்கம். உயர்தர வகுப்பில் விலங்குக் கணங்களைப் படிப்பிக்கும் உயிரியல் ஆசிரியர் ஒருவரின் மடல் இது. முல்லைத்தீவுக் கரையில் தகப்பன் கரைவலை இழுக்கிறார். பிள்ளையோ நட்சத்திர மீனைப் பாடப்புத்தகப் படத்தில் பார்த்துப் பாடமாக்குகிறது. இதைச் சரிசெய்யப் பிளாஸ்டிக் உருவங்கள் வாங்கித் தரவேண்டாம். கணவாயின் உறிஞ்சிகளைப் பிளாஸ்டிக்கில் தடவி என்ன காண்பது?

வலையில் ஏறி, விலைபோகாமல் மணலில் கிடக்கும் பேத்தை மீனும் சிறு நண்டும் எங்களுக்குப் போதும். அவற்றைப் பதனிட்டுப் போத்தலில் வைத்தால் மாதிரி தயார். செய்முறையும் பெரிய வித்தையல்ல. மீன் புதிதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். வழுவழுப்பைக் கழுவி, செட்டைகளை விரித்து ஊசி குத்தி, அவற்றின்மேல் தூரிகையால் போமலின் (போமல்டிகைட்டு கரைந்த நீர்) தடவினால் விரித்தபடியே இறுகிவிடும். வயிற்றுக்குள்ளும் ஊசியால் ஏற்றவேண்டும். இல்லாவிட்டால் வெளியே நல்ல மீன், உள்ளே அழுகல். ஒரு பங்கு போமலினுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, ஒரு வாரமளவில் அதில் ஊறவிட்டு, நன்றாக அலசி, 70 சதவீத எதனோலுக்கு, அதாவது மதுசாரத்துக்கு, மாற்றலாம். நட்சத்திர மீனைப் போமலினில் நெடுநாள் விடக்கூடாது. நாட்பட்ட போமலின் அமிலமாகி, அதன் சுண்ணாம்புத் தகடுகளைத் தின்றுவிடும். பெயர்த்துண்டைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்குள்ளேயே போடவேண்டும். குமிழ்முனைப் பேனா மை எதனோலில் கரைந்து ஓடிவிடும்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஜாம் போத்தலின் தகர மூடி போமலினில் துருப்பிடிக்கும், பிறகு திரவம் வற்றும். எதனோல் வாங்கப் போனால் மதுவரிக் கட்டுப்பாடு குறுக்கே வரும். ஆகவே இறுக்கமான பிளாஸ்டிக் மூடியுள்ள கண்ணாடிப் போத்தல்களையும், வலய மட்டத்தில் அனுமதி பெற்று எதனோலையும் பங்கிட்டுத் தாருங்கள். போமலின் கொஞ்சம் போதும். 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் போமல்டிகைட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. எனவே கையுறையோடு, காற்றோட்டமான வெளியில் ஆசிரியர் மட்டும் அதைக் கையாளட்டும். அலசி எதனோலுக்கு மாற்றியது மட்டும் பிள்ளைகளின் கைக்குப் போகட்டும். பழைய போமலினைத் திரும்பச் சேகரிக்கவும் ஓர் ஒழுங்கு வேண்டும். கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் ஊரில் அதைப் பள்ளிக்கூட வளவில் ஊற்ற முடியுமா?

இன்னொன்று, பாம்பு. அடித்த பாம்பை உரப்பையில் போட்டு, "சேர், ஆய்வுகூடத்துக்கு" என்று மாணவர்கள் கொண்டுவருவதுண்டு. ஆர்வம் நல்லதுதான், ஆனால் வாங்கி வைத்தால் அடுத்த வாரம் இன்னொன்று அடிபடும். அதோடு, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. ஏ9, ஏ35 வீதிகளில் வாகனத்தில் அடிபட்டுச் சாகும் விலங்குகளையாவது பாடசாலைகள் எடுத்துப் பதனிடலாமா என்று வனசீவராசிகள் திணைக்களத்திடம் நீங்கள் எழுத்தில் கேட்டு, பதிலைச் சுற்றுநிருபமாக அனுப்புங்கள். அதுவரை நாங்கள் மீனோடும் நண்டோடும் நிற்கிறோம்.

மாரி தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், கரைவலையும் நின்றுவிடும். போத்தல்கள் அதற்கு முன்னர் வந்து சேர்ந்தால் இந்த வருடமே தொடங்கலாம்.

இப்படிக்கு,
முல்லைத்தீவிலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியர்